அடைகதவு நாச்சியின் பூட்டுகள்

1961ஆம் ஆண்டு மாசித் திருவிழாவின் உச்சிப்பூசையில், மேட்டுக்களம் அடைகதவு நாச்சியம்மனுக்கு ஊற்றிய எண்ணெய் திரும்பி வந்தது. எரியோட்டுக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் அந்த வருஷம் நிலக்கடலை சுமார்தான். அய்யலூர்ச் சந்தையில் வெள்ளாட்டு விலை சற்று இறங்கியிருந்தது. பூசாரி ஆண்டிச்சாமி கதவுக்கு அடியிலுள்ள கல்வாய்க்காலில் எண்ணெயைச் சாய்த்தான். அது வழக்கம்போல உள்ளே ஓடியது. பிறகு பள்ளத்திலிருந்து மேடேறி வெளியே வந்து, அவன் கால்விரல்களை நனைத்து நின்றது.

அந்தக் கோயிலில் சிலையை யாரும் பார்த்ததில்லை. பூசை கதவுக்குத்தான். கற்பூரத்தைக் கதவுக்குக் காட்டுவார்கள். தேங்காயை உடைக்காமல் படியில் வைத்துவிடுவார்கள். உடைக்கும் சத்தம் கேட்டால் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே இருப்பவள் எழுந்துவிடுவாளாம். நாச்சி பூசாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எந்தக் காலம் என்று தெரியாது, நாயக்கர் காலத்துக்கும் முந்தி என்பார்கள். ஒரு மத்தியானம் விளக்கேற்ற உள்ளே போனவளை, ஏதோ கோபத்தில் மாமியார் வெளியே தாழிட்டு, "செத்த நேரம் கெடக்கட்டும்" என்றாள். அறுப்பு நாள். வேலை மும்முரத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள். சாயங்காலம் திறக்கப் போனபோது கதவு கல்லாக இறுகியிருந்தது. அதன் அடியில் மட்டும் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு அன்றிலிருந்து அணைந்ததில்லை. அது அணைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும் என்பதும், அந்த அறை ஒருபோதும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பதும் ஐதீகம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பூசாரி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருமகளும் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பூட்டு கொண்டுவந்து கதவுச் சங்கிலியில் பூட்டி, சாவியைக் கோயில் கிணற்றில் போட வேண்டும். நாச்சிக்குத் துணையாக என்று பெண்களிடம் சொன்னார்கள். அவள் வெளியே வந்துவிடாதபடிக்கு என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஆண்டிச்சாமியின் மனைவி பொன்னழகு, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவள். 1956 வைகாசியில் கல்யாணம். அவளுடைய அப்பா திண்டுக்கல்லில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கிக் கொடுத்தார். சங்கிலியிலிருந்த பழைய பூட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஊர் ஆசாரிகள் ஒரு சாவிதான் அடித்திருந்தார்கள். இதற்கு நூலில் கோத்த இரண்டு சாவிகள் இருந்தன. பொன்னழகு ஒன்றைக் கிணற்றில் போட்டாள். மற்றது முந்தானை முடிச்சிலேயே தங்கி, பிறகு டிரங்குப் பெட்டியில் சேலைக்கடியில் போய்க் கிடந்தது. மறந்துவிட்டேன் என்றுதான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறந்த பொருளை யாரும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து ஆட்டுக்கு, அடுப்புக்கு, தண்ணீருக்கு, எங்கோ வைத்த சுருக்குப்பைக்கு. ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவள் அந்தச் சாவியை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்வாள். அது மெல்லச் சூடாகும்.

எண்ணெய் திரும்பிய மறுநாள், சங்கிலியிலேயே மிகப் பழைய பூட்டு தானாகத் திறந்து கிடந்தது. பிறகு அதற்கு அடுத்தது. வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வாய் திறந்தன. கிணற்றுச் சாவிகளெல்லாம் நாச்சி கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று ஊர் புரிந்துகொண்டது. மாமியார் மூக்காயியின் பூட்டு திறந்த அன்று அவள் சோறு தின்னவில்லை. "எம் பூட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் இருந்தது பயம் அல்ல என்று பொன்னழகுக்குப் பட்டது. வேறு என்ன என்று யோசிக்க அவளுக்கே பயமாக இருந்தது. கதவடிக் கோடு நூலாக மெலிந்துகொண்டிருந்தது. பங்குனியில் மூடியிருந்தது பொன்னழகின் பூட்டு ஒன்றுதான்; அதன் ஒரு சாவி இன்னும் வெளியே இருந்தது. தான் சாவியை வைத்துக்கொண்டதால்தான் எண்ணெய் திரும்பியது என்று அவள் நடுங்கினாள். அதற்கும் அடியில் இன்னொரு நடுக்கம் இருந்தது: உள்ளே போய்விட வேண்டும் என்று இத்தனை வருஷமும் தான் நினைத்தது நாச்சிக்குக் கேட்டுவிட்டதோ?

ஊர் முதலில் எண்ணெய்மேல்தான் பழி போட்டது. தலைமுறைகளாகத் திருவிழா எண்ணெய் திண்டுக்கல் நைனா முகமது ராவுத்தர் வீட்டிலிருந்துதான் வரும். சேதி கேட்டு அவரே பஸ் ஏறி வந்து, ஊர்க் கூட்டத்தில் எண்ணெய்த் தகரத்தைத் திறந்து வைத்தார்.

"எண்ணெயில குத்தம் சொல்லாதீக அப்பு. நானே நக்கிப் பாத்துத்தான் அடைச்சேன்."

"நீரு நக்குனதுனாலதான் ஆத்தா வேணாங்குறா போல ராவுத்தரே," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர் சின்னக்கண்ணு. அந்த மாதத்தில் ஊர் சிரித்தது அப்போது மட்டும்தான். ராவுத்தரும் சிரித்துக்கொண்டே கதவருகில் போய்க் குனிந்தார். "அட, இது எங்க ஊருப் பூட்டுல்ல! இதுக்கு ரெண்டு சாவி இருக்குமே." யாரையும் மாட்டிவிடச் சொன்னதல்ல, ஊர்ப்பெருமையில் வாய்விட்டது.

கூட்டம் பொன்னழகின் பக்கம் திரும்பியது. அவள் மறுக்கவில்லை. சின்னக்கண்ணு எழுந்தார். "சாவிய ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கிருவோம். அப்பறம் ஆத்தா எப்படித் தொறக்குறான்னு பாப்போம்."

"உருக்குனா?" என்றாள் மூக்காயி. "உள்ள வெளக்கு அணையப் போகுது. அவ இருட்டுலயா கெடப்பா?"

"தொறந்தா ரூம்பு காலியாயிரும். ஒம் மருமகள உள்ள அனுப்புறியா, கெழவி?" என்றார் சின்னக்கண்ணு.

ஆண்டிச்சாமி மனைவியிடம் வந்து, மற்றவர்கள் கேட்காதபடி, "குடுத்துரு பொன்னழகு. எனக்குப் பயமா இருக்கு," என்றான். தனக்குப் பயம் என்றது, அந்த ஐந்து வருஷத்தில் அவன் எதையும் ஏவாமல் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. சாவியை எடுக்க வீட்டுக்குப் போனாள். கொடுத்தால் அவள் வீட்டில் இருப்பாள், நாச்சி இருட்டில் இருப்பாள். திறந்தால் நாச்சிக்குப் பதில் அவளே உள்ளே போக வேண்டும். பெட்டியைத் திறந்து சேலைக்கடியில் கைவிட்டபோது சாவி கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் ஆசாரியைத் தாண்டிப் போனாள். "ஏலே, பிடிங்கடா அவள" என்று சின்னக்கண்ணு கத்தினார். யாரும் அசையவில்லை, கதவடிக் கோடு அந்த நேரம் ஒரு தடவை அணைந்து எரிந்தது. அவள் பூட்டைத் திறந்தாள். சங்கிலி கழன்று விழுந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவளுக்குப் பொன்னழகின் வயதுதான் இருக்கும். கையில் எண்ணெய்க் கிண்ணம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கூப்பிட்டாகளா?" என்று கேட்டாள். பிறகு, "ஒலை வச்சாச்சா?" என்றாள். மூக்காயிதான் முதலில் நகர்ந்தாள். "வா தாயி, கஞ்சி இருக்கு" என்று அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். படியில் பொன்னழகு நின்றாள். அறை காலியாக இருந்தது. உள்ளேயிருந்து வந்த காற்றில் எண்ணெய் வாசனையும், யாரும் யாரையும் கூப்பிடாத ஓர் அமைதியும் இருந்தன. "செத்த நேரம் இருந்துட்டு வாரேன்," என்று ஆண்டிச்சாமியிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. கோடு பளிச்சென்று தடித்தது. ஆண்டிச்சாமி எண்ணெய் ஊற்றினான். அது உள்ளே போய் உள்ளேயே நின்றது.

எத்தனை வருஷம் கழித்து வருவாளோ, எப்போதும் வரமாட்டாளோ என்று அவன் கதவடியிலேயே கிடந்தான். ஆடி மாதம் கடலை விதைக்கும் முன்பே பொன்னழகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாச்சி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் அவர்கள் மாறி மாறிப் போய்வந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் பொன்னழகு, "யாரும் கூப்பிட மாட்டாக" என்று மட்டும் சொன்னாள். அடுத்த தேர்தலுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தவர் நாச்சிக்கு என்ன வயது என்று கேட்டார். "இருவத்தஞ்சுன்னு போடுங்க," என்றாள் மூக்காயி. போட்டுக்கொண்டு போனார். 1964 கார்த்திகையில் மூக்காயி மருமகளிடம் தயங்கித் தயங்கி, "நானும் செத்த நேரம் போயி இருந்துட்டு வரட்டுமாத்தா?" என்று கேட்டாள். பொங்கல் வரைக்கும் இருந்துவிட்டு வந்தவள், வந்த பிறகு யாரையும் உரக்கக் கூப்பிட்டதில்லை.

திருவிழா இன்றும் கதவுக்குத்தான் நடக்கிறது. எண்ணெய் ராவுத்தர் வீட்டிலிருந்துதான் வருகிறது. உள்ளே இருப்பது யார் என்று கும்பிட வருபவர்கள் கேட்பதில்லை. 1968 மாசியில் ஒரு மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உள்ளே போய்விட்டார்கள். ஆண்டிச்சாமி கற்பூரம் காட்டி, எண்ணெய் ஊற்றி, தேங்காயைப் படியில் வைத்தான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சோற்றுக்கு வெஞ்சனம் என்ன செய்வது என்று கூப்பிட்டுக் கேட்க வாயெடுத்தவன், கேட்காமல் வீட்டுக்குப் போனான். கூடையில் கத்தரிக்காய் இருந்தது. அதை நறுக்கி வதக்கிக்கொண்டான்.