ஜப்தி வீட்டுக்குப் பக்கத்து வீடு

திருச்சி தென்னூரில் ஜெஸிமாவைத் தெரியாதவர்கள் குறைவு. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர்கள் அவள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கணவர் கியாசுதீன் சவுதியில் தம்மாமிலிருந்து ஊரோடு திரும்பிய பிறகு டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ரோட்டு வேலை முழுக்க ஜெஸிமாவுடையது. ஸ்டியரிங்கைத் தொடவே கை நடுங்கியவர்களெல்லாம் அவளிடம் படித்து இன்றைக்குப் பால்பண்ணை ரவுண்டானாவில் லாரிக்காரனிடம் வழி வாங்குகிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவன் போன் செய்தான். "அம்மா, ஜப்தி வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே?"

"டிரைவிங் ஸ்கூல் வீடுன்னு கேளுப்பா" என்றாள் ஜெஸிமா.

"ஜப்தி வீடுன்னாதாம்மா எல்லாரும் வழி காட்டுறாங்க."

அன்றைக்குச் சோறே இறங்கவில்லை அவளுக்கு.

அந்தப் பக்கத்து வீட்டை வளவனும் சுபஸ்ரீயும் கட்டிக் குடிவந்தபோது பால் காய்ச்ச அடுப்பு பற்றவைத்தவளே ஜெஸிமாதான். சுபஸ்ரீ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வளவன் தில்லைநகரில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். வீட்டைப் பேங்கில் வைத்துப் புது மெஷின் வாங்கினான். வாங்கிய கையோடு கொரோனா வந்தது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கட்சிக் கூட்டம் இல்லை. யாருக்குப் போர்டு அடிப்பது? கடை படுத்தது படுத்ததுதான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒருநாள் ஜெஸிமா கிளாஸ் முடித்து வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அந்த வருத்தம் ஆறுவதற்குள் பேங்க் ஆட்கள் வந்தார்கள். கதவுக்குச் சீல் வைத்து, 'இந்தச் சொத்து வங்கியின் சுவாதீனத்தில் உள்ளது' என்று காம்பவுண்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டுப் போனார்கள்.

அதோடு அந்த வீட்டை எல்லோரும் கைகழுவினார்கள். முதல் மழையில் முளைத்த செடிகள் அடுத்த மழையில் ஜன்னலை மூடின. தெருக்கோடியிலிருந்துகூட வந்து குப்பைக் கவரைச் சுவருக்கு அந்தப்பக்கம் வீசிவிட்டுப் போனார்கள். கீரிப்பிள்ளை குடும்பத்தோடு குடிவந்தது. மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிந்தது. கொசு மருந்து அடிக்கிற மாநகராட்சிப் பெண் கேட்டோடு நின்றுவிட்டாள். "சீல் வச்சிருக்குங்க. உள்ள போனா எங்க மேல கேஸ் வரும்."

ஐப்பசியில் எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அது கண்ணைத் திறக்காமல் கிடந்ததை ஜெஸிமா போய்ப் பார்த்தாள். அல்லாஹ் காப்பாற்றினான், பிழைத்து வீட்டுக்கு வந்தது. குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே ஜெஸிமா பர்தாவை மாட்டிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினாள்.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றார் கியாசுதீன்.

"வம்பு நம்ம சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குதுங்க. இனிமே நாம எங்க ஒதுங்குறது?"

வராக்கடன்களைப் பார்க்கிற அதிகாரி தேவதர்ஷினி என்ற இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "ஃபைல் ரீஜனல் ஆபீஸ்ல இருக்கும்மா. அங்கேருந்து உத்தரவு வராம நாங்க கதவைத் திறக்க முடியாது."

"சுவத்துல யார் பேரு எழுதியிருக்கு?"

"பேங்க் பேருதான்."

"அப்ப வீடு உங்களுது. தொட்டித் தண்ணி உங்களுது. அதுல முட்டை போடுற கொசுவும் உங்களுதுதானே? அதை மட்டும் ஏன் எங்களுக்குக் குடுத்திருக்கீங்க?"

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். தேவதர்ஷினி சிரிக்கவில்லை. ஜெஸிமா நீட்டிய போனில், கையில் ஊசி குத்திய குழந்தையின் போட்டோவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு யாருக்கோ போன் போட்டாள். அந்த வாரமே ஆட்களைக் கூட்டிக்கொண்டு தானே வந்து நின்று செடியை வெட்டி, தொட்டியைக் காலி செய்து, குப்பையை அள்ள வைத்தாள். போகும்போது சொன்னாள்: "சீக்கிரம் ஏலத்துக்கு வருதும்மா. யாராவது வாங்கிட்டா உங்களுக்கும் நிம்மதி."

ஏலம் என்ற சொல் காற்றில் கலந்ததும் புரோக்கர் அன்புச்செல்வன் மூக்கில் வேர்த்தாற்போல் வந்து சேர்ந்தான். வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் அவன் முன்னால் நின்றான். "வெளியே பாக்க லட்சணமாத்தாங்க இருக்கு. ஆனா ராசியில்லாத வீடு. குடியிருந்தவன் தொழில் நாசமாப் போச்சு. இருக்கானா செத்தானான்னே தெரியல." கேட்டவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள்.

பிறகு அவன் ஜெஸிமாவிடம் வந்தான். "அம்மா, ஏலத்துக்கு ஆள் வரலைன்னா விலை இறங்கும். நானே எடுத்துக்குவேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கேக்கறவங்ககிட்ட வாயத் திறக்காம இருந்தாப் போதும். பக்கவாட்டுல இருக்கிற இடத்தை உங்க கார் நிறுத்த விட்டுடுறேன்."

அந்த இடம் அவளுக்கு வேண்டியதுதான். வகுப்புக் கார்களைத் தெருவில் நிறுத்தித் தினமும் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி மனம் அங்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தது. ஆனால் 'இருக்கானா செத்தானா' என்ற அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"ஒரு குடும்பம் கஷ்டத்துல போச்சு. அதை ராசின்னு சொல்லி விக்கிறீங்க நீங்க. என் வண்டி தெருவுலயே நிக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து வீடு பார்க்க வருபவர்களைத் தன் வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல வீடு, போர்வெல்லில் உப்பில்லாத தண்ணீர், கட்டியவன் ஒரு செங்கல்லில்கூட ஏமாற்றவில்லை, தொழில் நொடித்தது நோய் வந்ததால் என்று உள்ளதைச் சொன்னாள்.

அதோடு பேங்குக்குப் போய், வேறு வழியே இல்லையா என்றும் கேட்டாள்.

"இருக்கும்மா" என்றாள் தேவதர்ஷினி. "ஏலத்துக்கு முன்னாடி, கடன் அடையுற மாதிரி நல்ல விலைக்கு அவங்களே ஆள் கொண்டுவந்தா, நான் மேலே பேசிச் சம்மதம் வாங்கித் தரேன். மிச்சம் இருந்தா அவங்களுக்குத்தான். ஆனா அவங்க போனே எடுக்க மாட்டேங்கிறாங்களே."

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடையில் சுபஸ்ரீ பில் போடுகிறாள் என்று ஜெஸிமாவிடம் படித்த பெண் ஒருத்தி எப்போதோ சொல்லியிருந்தாள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். இத்தனை நாளும் ஜெஸிமாதான் வீம்பாக, 'சொல்லாமல் போனவள்தானே' என்று போகாமல் இருந்தாள். இப்போது காரை எடுத்தாள்.

கடையில் கூட்டம் இருந்தது. சுபஸ்ரீ இளைத்துக் கறுத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையில் மாத்திரை அட்டை அப்படியே நின்றது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அம்மா மண்டபம் போகிற ரோட்டில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். வாய் வரல" என்று அழுதாள் சுபஸ்ரீ. "அவர் ஓசூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கார். வீடு போனது போனதாவே இருக்கட்டும். அந்தத் தெருப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

"சரி, அழுது முடி" என்றாள் ஜெஸிமா. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நீ திருடினியா? யாரையாவது ஏமாத்தினியா? பொழப்பு கவுந்துச்சு. எழுந்து வந்து பில் போட்டுக்கிட்டு நிக்கிற. உன்னப் பாத்து எனக்குப் பெருமையா இருக்கு. ஆனா உன் வீட்ட ஒருத்தன் ராசியில்லன்னு சொல்லி அள்ளிக்கப் பாக்குறான். அதுக்கு நீ ஒளிஞ்சு நின்னு துணை போற. அதுதான் எனக்குப் பொறுக்கல. ஏலத்துக்கு முன்னாடி நீங்களே நல்ல விலைக்கு ஆள் கொண்டுவந்தா விக்கலாம்னு பேங்க்ல சொல்றாங்க."

சுபஸ்ரீ முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். காவிரிப் படித்துறைக்குப் போகிறவர்கள் துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்குறதுக்கு யாருக்கா வருவா?" என்றாள்.

ஜெஸிமாவுக்கு ஆள் தயாராக மனத்தில் இருந்தது. இருசம்மாள். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பிழைக்க வந்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தைப்பதில் தொடங்கி, இன்று சொந்த மண்டி வைத்திருப்பவள். டிரைவர்கள் ஏய்த்ததால் தானே லோடு வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள ஜெஸிமாவிடம் வந்தவள். டவுனுக்குள் வீடு தேடி அலைந்து, 'மார்க்கெட் ஆளா?' என்ற கேள்வியோடு பல கேட்டுகள் மூடப்பட்டதை வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவள் கிளட்சை மிதித்த வேகத்தில் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று ஜெஸிமாவுக்குத் தெரிந்திருந்தது.

இருசம்மாள் வீடு பார்க்க வந்த அன்று அன்புச்செல்வன் ஆஜர். ராசிக் கதையை எடுத்துவிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றதும் தெருவே கேட்கிற மாதிரிச் சிரித்தான். "வெங்காய மூட்டை அடுக்கவாம்மா இவ்வளவு பெரிய வீடு?"

"மூட்டைக்கு மார்க்கெட்ல குடோன் இருக்குங்க" என்றாள் இருசம்மாள், குரலைக்கூட உயர்த்தாமல். "இது நான் குடியிருக்க."

எதிர்வீட்டு மாடியில் யாரோ கைதட்டினார்கள். டெங்குவிலிருந்து எழுந்த குழந்தையின் அம்மா அது. அன்புச்செல்வன் பைக்கை உதைத்தான். அது இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியது.

பிறகு நடந்தது எல்லாம் ஆபீஸ் நடைதான், இழுத்தது. ஒருமுறை ஃபைல் திரும்பி வந்தது. தேவதர்ஷினி விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வளவன் ஓசூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெஸிமாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஷிப்டுக்கு ஓடினான். இருசம்மாள் நாணயமான விலை கொடுத்தாள். கடன் தீர்ந்தது, சுபஸ்ரீக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

பத்திரம் பதிந்த அன்று சுபஸ்ரீ தெருவுக்கு வந்தாள். பேங்க் ஆள் சீலை உடைத்துச் சாவியை அவளிடம் கொடுத்தார். அவள் உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டாள். துரு ஏறிய கொக்கிகள் கத்தின. சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்து சாவியை இருசம்மாள் கையில் வைத்து, "மழை சாரல் மேற்கு ஜன்னல்ல அடிக்கும், அதை மட்டும் பாத்துக்கோங்க. மத்தபடி நல்லா இருப்பீங்க" என்றாள்.

"நீங்க எப்ப வேணா வாங்க தாயீ. கேக்காம வாங்க" என்றாள் இருசம்மாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

மதியம் ஜெஸிமா வீட்டில் சாப்பாடு. சுபஸ்ரீ வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாள் என்பதை நினைவு வைத்துக் கத்தரிக்காய்க் குழம்பு செய்திருந்தாள் ஜெஸிமா. கியாசுதீன் வற்புறுத்தி வற்புறுத்திப் பரிமாறினார். கை கழுவியதும் ஜெஸிமா கார் சாவியை எடுத்தாள்.

"வா, ஸ்ரீரங்கத்துல விட்டுடுறேன்."

"வேணாம்க்கா" என்றாள் சுபஸ்ரீ. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "நடந்தே போயி பஸ் ஏறிக்கிறேன். போயிட்டு வரேன்."

தெரு முழுக்க ஆள் இருந்த நேரம். பால்காரர் நிறுத்தி, எப்படிம்மா இருக்கீங்க என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரி படியிறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சுபஸ்ரீ ஒவ்வொருவரிடமும் நின்று, முகம் பார்த்துப் பேசிவிட்டு, அவசரமில்லாமல் நடந்தாள்.

"என்ன, கூடப் போகலையா?" என்றார் பின்னால் வந்த கியாசுதீன்.

"பேசாம இருங்க" என்றாள் ஜெஸிமா, கண்ணை எடுக்காமல். "எப்படி நடக்குறா பாருங்க."