பதினேழாம் தூணுக்கு மேலே

எங்கள் விமான நிலையத்துக்குள் ஒரு காடு இருக்கிறது. வெளியே இல்லை, உள்ளேயே. பெட்டி போடுகிற கவுன்டருக்கும் விமானம் ஏறுகிற வாசலுக்கும் நடுவில் முப்பதடி மரங்கள், தூண்களைச் சுற்றிப் பெரணிச் செடிகள், ஒரு ஓடை, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிக் கூரை. கட்டடத்துக்குப் படம் வரைந்தவருக்கென்ன, வரைந்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கண்ணாடி இடுக்குகளில் பசை பூசி ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது. காட்டைப் பார்த்துக்கொள்வது என் அக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான்.

நாளுக்கு நான்கு முறை அக்கா ஒரு வால்வைத் திறப்பாள். மேலே ஓடும் குழாய்களிலிருந்து பொடித் தூறல் இறங்கும். அதற்கு இங்கே எல்லோரும் வைத்த பேர் ‘மழை’. வானத்திலிருந்து வருவது ‘வெளிமழை’. இந்தப் பேச்சுதான் என் உயிரை எடுத்தது.

மூன்று வாரம் முன்பு, துப்புரவு செய்யும் அம்மா புகார் நோட்டில், ‘பதினேழாம் தூண்கிட்ட மழைத்தண்ணி சொட்டுது’ என்று எழுதியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ‘அக்காவின் மழை’ என்று எழுதி டிக் அடித்தேன். காட்டில் தண்ணீர் சொட்டாமல் தங்கமா சொட்டும்?

நாளைக்கு விமான நிலையத்தின் திறப்பு விழா. இன்று மாலை ஆறுக்குள் ‘கூரை ஒழுகவில்லை’ என்ற தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் டீ குடிக்கும்போது அந்த அம்மா வந்தார்.

“தம்பி, அந்தப் பதினேழு சரி பண்ணியாச்சா?”

“அது எங்கக்கா மழைம்மா.”

“ஐயோ, அன்னைக்கு நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது நாளு. உங்க பாஷை எனக்கென்ன தெரியும்? வானத்து மழையைத்தான் எழுதினேன்.”

டீயைக் கீழே வைத்தேன். பதினேழாம் தூணுக்கு அடியில்தான் குழந்தைகள் விளையாடும் இடம். இடுக்கில் தண்ணீர் புகுந்தால் பசை விட்டுவிடும். பசை விட்டால் நான்கு ஆள் தூக்குகிற கண்ணாடி எத்தனை நாள் அங்கே நிற்கும்?

ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. ராத்திரி வெளிமழையும் பெய்திருந்தது, காலையில் அக்காவின் மழையும் பெய்திருந்தது. இது யாருடையது?

கண்டுபிடிக்க ஒரே வழிதான். தூறலை நிறுத்தி, பெரிய ஃபேன்களைப் போட்டு உள்ளே காயவைத்து, கூரைமேல் தண்ணீர் அடிக்க வேண்டும். சொன்னதும் அக்கா எகிறினாள்.

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா? பெரணிக்கு மண்ணே கிடையாது, ஈரக்காத்துலதான் உயிரோட இருக்கு. இந்த வெயில்ல ஃபேனையும் போட்டா சாயங்காலத்துக்குள்ள கருகிடும். ஒன்றரை வருஷம்டா!”

“கீழ குழந்தைங்க விளையாடுமேக்கா.”

என்னைத் திட்டிக்கொண்டே போய் வால்வை மூடினாள்.

நான்கு மணிக்குள் பெரணியின் ஓரமெல்லாம் சுருண்டு பழுப்பேறிவிட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி காய்ந்திருந்தது. கூரைமேல் ஆள் தண்ணீர் அடிக்கத் தொடங்கினான். மேனேஜர் தாளோடு என் முதுகுக்குப் பின்னால் நின்று மணி பார்த்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒழுகாவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றும் பயமாக இருந்தது.

“அதான் பாத்தாச்சுல்ல, போடுங்க சார்” என்று மேனேஜர் பேனாவை நீட்டினார்.

மூடியைக் கழற்றுவதற்குள் கீழே ரப்பர் தரையில் ‘டப்’பென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

‘ஒழுகுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அக்கா அதற்குள் வால்வில் கை வைத்துவிட்டாள். “கண்டுபிடிச்சாச்சுல்ல? தண்ணியைத் திறக்கட்டுமா?”

பதினேழைப் பூசிய அன்று நான் அதை மட்டும் பூசவில்லை.

“அவசரத்துல அன்னைக்கு ஒரே நாள்ல பன்னெண்டு இடுக்கு பூசினேன்கா. மிச்சம் பதினொண்ணையும் பாக்கணும்.”

அப்போதுதான் அவள் தூணைப் பார்த்தாள். சுருண்ட இலை ஒன்று அவள் விரல் பட்டதும் உதிர்ந்தது. “பாவி” என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. வால்விலிருந்து கையை எடுத்தாள்.

“ஃபேனை இன்னும் கூட்டி வை.”