ஊரை இழுத்துப்போன கப்பல்

எங்கள் துறைமுகம் முதலில் இந்த இடத்தில் இல்லை. ஒரு சரக்குக் கப்பல் அதை இங்கே இழுத்து வந்து விட்டுவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் ஊர் பெரிய சாலையை ஒட்டி இருந்தது, பேருந்து வந்து போனது, மீனுக்கும் நல்ல விலை. தவறு கயிற்றுக்காரருடையது என்று இன்றும் சொல்வார்கள். சொல்லும்போது யாருக்கும் கோபம் வருவதில்லை.

கப்பல்களைத் துறையில் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் வேலை. எந்தக் கப்பலானாலும் கடைசிக் கயிற்றை அவர் கைதான் அவிழ்க்க வேண்டும், கப்பல்காரர்கள் தொடமாட்டார்கள். மனுஷன் வேலையில் கெட்டி, வாய்தான் திறக்காது. கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் ‘ம்’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. சுவரோடு எத்தனை காலம் குடித்தனம் நடத்துவது என்று அலுத்துப்போய், அவள் ஒரு கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டியோடு அவள் ஏறியதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கப்பல் ஊதியது. கயிற்றை அவிழ்க்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் கிளம்பியது, ஊரும் கூடவே கிளம்பியது. கிணற்றுத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. வெயில் வேறு ஜன்னல் வழியாக வந்ததை வைத்துத்தான் பெண்கள் கண்டுபிடித்தார்கள். முடிவெட்டுபவர் பாதிச் சவரத்தில் ஒருமுறை கடலை எட்டிப் பார்த்துவிட்டு மீதியை முடித்தார். வாரங்கள் போயின. கடல் நிறம் மாறியது, யாரும் பார்த்திராத பறவைகள் கூரைகளில் வந்து தூங்கின. அவள் மட்டும் தினமும் கப்பலின் பின்பக்கம் வந்து நின்றாள்.

“என்னங்க, கயித்த அவுத்து விடுங்க. ஊரே பின்னால வருது, மானம் போகுது.”

“ம்,” என்றார்.

இயந்திரம் திணறத் தொடங்கியதும் கேப்டன் வழக்கத்தை மீறிக் கோடரியோடு வந்தார். முதல் வெட்டில் பாதிக் கயிறு அறுந்தது. கயிற்றுக்காரர் எழுந்தார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது.

“போகாத,” என்றார். “நீ இல்லாத வீட்டுக்குள்ள போக எனக்குப் பயமா இருக்கு.”

“இத வாசல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேணாமே,” என்றாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, மீதிக் கயிற்றின்மேல் நடந்து வந்து இறங்கினாள். அதற்குப் பிறகுதான் அவர் கயிற்றை அவிழ்த்தார்.

கப்பல் போய்விட்டது, ஊர் அங்கேயே நின்றது. வேறொரு கப்பலைப் பிடித்துத் திரும்பிப் போவதைப் பற்றி அவரிடம் கேட்கலாம் என்று எல்லோருமாக அவர் வீட்டுக்குப் போனோம். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முடியட்டும் என்று வெளியே காத்திருந்தோம். வருஷங்கள் ஆகின்றன, இன்னும் முடியவில்லை.