குப்புற வைத்த ரொட்டி

பிசைந்த மாவை நான் ஓங்கிக் குத்திய குத்தில் அடுப்பு மேடையில் இருந்த டம்ளர் உருண்டு விழுந்தது. "மெதுவா, கிறிஸ்டி. மாவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அப்பா. மாவு ஒரு பாவமும் பண்ணவில்லை. பாவம் பண்ணியது ஆன்தோனெத் அம்மாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் காரைக்காலிலிருந்து பிரான்சுக்குப் போனவர், அங்கேயே பிறந்து வளர்ந்த மகன் செத்ரிக்குக்குப் பெண் தேடி வந்திருக்கிறார். இன்று மாலை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நேற்று அப்பாவிடம் போனில் சொன்னாராம்: "பஜ்ஜி, கேசரியெல்லாம் வேணாங்க. பொண்ணு ஒரு சான்ட்விச் பண்ணித் தரட்டும். ரொட்டி கடையில வாங்கினதா இருக்கக் கூடாது. எம்புள்ளைக்கு வீட்டு ரொட்டிதான் பழக்கம்."

நான் ஐந்து வருடமாக ஐ.சி.யூ. நர்ஸ். போக இருந்த உயிர்களை இழுத்துப் பிடித்தவள். எனக்குப் பரீட்சை ரொட்டியில்! முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். ஆனால் படகு இன்ஜின் மெக்கானிக்கான என் அப்பா யாகப்பன், எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேட்டில் பார்த்த ஆளிடமெல்லாம் "மாப்ள பிரான்சு" என்று சொல்லிவிட்டார். அம்மா இறந்த பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் மாவில் கை வைத்தேன்.

ஆப்பத்துக்கு ஊற்றுகிற கள்ளையே ஊற்றிப் பிசைந்தேன். மூடி வைத்ததில் மதியத்துக்குள் நன்றாக உப்பியிருந்தது. வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் மணலைப் பரப்பி, வாஷரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே மாவுப் பாத்திரத்தை இறக்கி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அடிப்பக்கம் பொன்னிறமாகச் சிவந்து வந்தது. மேல்பக்கம்தான் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்திருந்தது. குக்கர் ரொட்டி அப்படித்தான் வரும். பார்வையாக இருக்கட்டுமே என்று சிவந்த பக்கம் மேலே தெரியத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் மிளகுத்தூள் போட்டு மசித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள், வெண்ணெய். அவர்கள் கண் முன்னால்தான் வெட்டி அடுக்க வேண்டுமாம். அதுவும் உத்தரவு.

மகனோடு வந்து உட்கார்ந்த ஆன்தோனெத் அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. ரொட்டியைத்தான் பார்த்தார்.

"ஐயோ மாதாவே! ரொட்டியைக் குப்புறவா வைப்பாங்க? குடும்பத்துக்கு ஆகாதுன்னு பிரான்சுல சின்னப் புள்ளைக்கும் தெரியுமே!"

என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, அதன் நுனியால் ரொட்டியின் அடிப்பக்கத்தில், தோஷம் கழிப்பதுபோல், சிலுவை கீறினார். பிறகு நிமிர்த்தி வைத்தார். "இதுகூடத் தெரியாமத்தான் பொண்ண வளத்தீங்களா?"

அப்பா எழுந்தார். கிரீஸ் கறை போகாத இரண்டு கைகளையும் கூப்பினார். "மன்னிச்சிக்குங்கம்மா. தாயில்லாத புள்ள."

ஒரு ரொட்டிக்காக அம்மாவை இன்னொரு முறை சாகடித்தாயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தியைத் திரும்ப வாங்கினேன். இரண்டு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவி, முட்டையும் வெள்ளரியும் அடுக்கி, மூடி, குறுக்கே வெட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் பாதியை நானே கடித்தேன்.

"என்ன பழக்கம் இது?" என்றார் ஆன்தோனெத் அம்மாள்.

"ரொட்டிய வச்சது நான். எங்கப்பா எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

செத்ரிக் தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிப் பேசினான். "அம்மா, நான் எப்ப வீட்டு ரொட்டி சாப்ட்டேன்? நீ ஒருநாளும் சுட்டதில்லையே."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாவது கடியில்தான் எனக்கு உறைத்தது, ரொட்டியில் உப்பே இல்லை. குத்திய கோபத்தில் மறந்திருக்கிறேன். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மென்று விழுங்கினேன்.

செத்ரிக் மீதிப் பாதியை நோக்கிக் கையை நீட்டினான். "எடுத்துக்கலாமா?"

"மொதல்ல எங்கப்பா கைய எறக்கட்டும்" என்றேன்.

செத்ரிக்கின் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. எதிரில் அப்பாவின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.