நாலாம் முறை தெளிவு

குறிப்பேட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கீச்சு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் துணி அலமாரியில் வைத்தாள். அத்தை அங்கே துண்டு தேடி வந்ததும் எடுத்து அழுக்குக் கூடைக்குள் திணித்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போய் மறுபடி எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டால் சனியன் தீர்ந்தது. அதற்கும் கை வரவில்லை.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலை பத்தேகாலுக்குப் போன உயிர். எடுத்துப்போக வண்டி நாலு மணிக்கு வரும் என்றிருந்தான் அண்ணன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், வேறு எவனோ ஓட்டும் வண்டியில் படுத்துக்கொண்டு போகவேண்டும். அவர் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு வழி சொல்லியே உயிரை எடுத்திருப்பார்.

கீச்சு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பிறந்தபோது குரல் அப்படி இருந்ததாம். இருபத்தாறு வயதாகி, வேலைக்குப் போய், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகும் கீச்சு கீச்சாகவே இருந்தாள்.

"அடியே, கடைசியா என்னடி சொன்னான் என் தம்பி?" அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீதானே பக்கத்துல இருந்த? என்னைக் கேட்டானா?"

"கேட்டாரு அத்தை."

"பாத்தியா! எனக்குத் தெரியும்." அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு பொய்க்கு இவ்வளவு அழுகையா என்று கீச்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்தது அண்ணன். சமையலறையில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வந்து நின்றான். போன மாதம் அப்பாவோடு ஏதோ சண்டை போட்டுவிட்டுப் போனவன். கேட்கவும் முடியாமல் போகவும் முடியாமல் டம்ளரை உருட்டினான்.

"ஏதாவது சொன்னாராடி?"

"உன்னையும் கேட்டாரு."

இவனும் நம்பினான். இன்னும் அம்மா ஒருத்திதான் பாக்கி. அவளோ கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கீச்சு வேலை பார்த்தது கம்ப்யூட்டருக்கு மனிதப் பேச்சைப் பழக்கும் ஒரு கம்பெனியில். யார் யாரோ பேசிய ஒலிப்பதிவுகளை ஹெட்போனில் கேட்டு, காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய குறியில் எழுதவேண்டும். எந்த மொழிக்கும் பொதுவான குறிகள் அவை. தலைகீழாய்க் கவிழ்ந்த எழுத்து, வால் முளைத்த எழுத்து, கொக்கி மாட்டிய எழுத்து என்று நூற்றுக்கும் மேல். கற்றுக்கொள்ள மூன்று மாதம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கம்பெனியில் சொல்லிக்கொடுத்த அம்மாள் கறாரானவள். "அர்த்தம் தேடாதீங்க," என்பாள் தினமும். "இந்த வார்த்தையாத்தான் இருக்கும்னு மனசு முந்திக்கிட்டா, அவங்க சொன்னதை எழுத மாட்டீங்க. சொல்லியிருக்க வேண்டியதை எழுதுவீங்க. மெஷின் தப்பாக் கத்துக்கும்." கீச்சு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜைமேல் வைத்துக்கொண்டு ராப்பகலாய் வாயைக் கோணினாள். இப்போது மேஜைமேல் இருந்தது வேறொரு கண்ணாடி, நேற்றுவரை அப்பாவின் கால்மாட்டில், ஸ்டூல்மேல் சும்மா இருந்தது. அவளுடையது உடைந்துபோனதால் இன்று காலையில் இதை எடுத்து வந்தாள்.

அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய், வாய் கோணிவிட்டது. பேச்சில் பாதி ஒலி உதிர்ந்து, மிச்சம் ஒன்றோடொன்று குழைந்து வரும். டாக்டருக்குப் புரியாது, அண்ணனுக்குப் புரியாது. அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. அடுப்படியில் இருந்துகொண்டே, "வரேன், வரேன், அதுக்கு ஏன் கத்தறீங்க" என்பாள்.

கீச்சுவுக்கு அவர் வாய் ஒரு புதையலாகத் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில் வரும் அபூர்வமான ஒலிகளெல்லாம் அவர் வாயில் சாதாரணமாக வந்தன. "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்பாள். அவர் சொல்வார். சிரமப்பட்டு, உதட்டோரம் எச்சில் வழியச் சொல்வார். அவள் எழுதிக்கொண்டு தலையாட்டுவாள். மகள் எழுதிக்கொள்கிறாள், அப்படியானால் செய்யப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். இது இன்று பதினொரு மணிக்குமேல்தான் அவளுக்கு உறைத்தது. அதுமுதல் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காலையில் அம்மா, "மருந்துக்கடைக்குப் போய்ட்டு வந்துடறேன், பக்கத்துலயே இரு" என்று சொல்லிப் போனாள். கீச்சு பக்கத்திலேயேதான் இருந்தாள், மடியில் குறிப்பேட்டோடு. அப்பா விழித்தார். கால்மாட்டைப் பார்த்தார். ஏதோ சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா." சொன்னார். எழுதினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாம் முறை சொன்னார். நாலாம் முறை சொன்னபோது ஒலிகள் தனித்தனியாகக் காதில் விழுந்தன. அவளுக்கு உற்சாகமாகிவிட்டது. ஓரத்தில் 'நாலாம் முறை தெளிவு' என்று குறித்தாள்.

பிறகு அவர் நிறுத்தினார். பேச்சில் வரும் நிறுத்தத்துக்கும் குறி உண்டு. சிறிய நிறுத்தம் என்றால் ஒரு செங்குத்துக் கோடு, நீண்டது என்றால் இரண்டு. அவள் இரண்டு கோடு போட்டாள். அடுத்த ஒலிக்காகப் பேனாவைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மணி மூன்றைத் தாண்டியபோது அம்மா எழுந்து கீச்சு நின்றிருந்த அறைக்குள் வந்தாள். அப்பாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்து, கதவை ஒருக்களிக்கச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் என்னமோ சொல்லிட்டிருக்கியாமே."

"அம்மா..."

"அவளைக் கேட்டாரு, இவனைக் கேட்டாருன்னு. ஒரு வாய் தண்ணி கேக்கவே அந்த மனுஷனுக்கு மூச்சு முட்டும். ஊரையே விசாரிச்சாராக்கும்?" குரல் உடைந்தது. "நாற்பது நிமிஷம்டி. ரெண்டு மாசத்துல நான் வெளிய போனதே அந்த நாற்பது நிமிஷம். என்ன கேட்டாரோ, என்ன தவிச்சாரோன்னு நான் சாகிறவரைக்கும் நினைச்சுட்டிருக்கணுமா? சொல்லுடி."

"எனக்குப் புரியலம்மா."

"புரியலன்னா போகட்டும். எப்படிச் சொன்னாரு? அதையாவது சொல்லு."

கீச்சு குறிப்பேட்டைத் திறந்தாள். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி இது கோழி கிண்டின மாதிரி" என்றாள்.

"சத்தம்மா. அவர் சொன்ன சத்தம் அப்படியே இருக்கு. நான் அர்த்தம் பாக்கல. நாலு தடவை சொன்னாரும்மா. நாலு தடவையும் நான் இதைத்தான் எழுதிட்டு இருந்தேன்." சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முயன்றிருந்தால் புரிந்திருக்கும். முயலக் கூடாது என்பதுதான் பாடம்.

"அழுதது போதும், படி."

கடைசி வரியைப் படித்தாள். முதல் ஒலிக்கே அவள் உதடு ஒரு பக்கம் இறங்கவேண்டியிருந்தது. நாக்கைக் கீழே கனமாகப் போட்டு, காற்றைக் கடைவாயோரம் கசியவிட்டாள். வந்தது அவள் குரல்தான், ஆனால் பேச்சு அவருடையது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்தியது கேட்டது.

அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொரு தடவை," என்றாள்.

படித்தாள்.

அம்மா கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது.

"இங்க இருந்த கண்ணாடி எங்கடி?"

கீச்சு அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள். மேஜையிலிருந்து கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. சும்மா இருக்குன்னுதான் எடுத்தேன்."

"சும்மா இருக்கா! ஜன்னல் காத்து மூஞ்சில படணும்னு கட்டிலைத் திருப்பிப் போட்டோம். வாசல் தலைக்குப் பின்னாடி போயிடுச்சு. பின்னாடி யாரு ஏறுறா, யாரு இறங்குறான்னு தெரியாம அந்த மனுஷனால ஒரு நிமிஷம் இருக்க முடியுமா? பஸ்ஸுல வெச்ச மாதிரி வெச்சுக் குடுன்னு என் உயிரை எடுத்தாரு." அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நான் வர்றேனான்னு பாக்கக் கேட்டிருக்காரு. வை அங்க."

திட்டியிருக்கலாம், கன்னத்தில் நாலு அறையாவது விட்டிருக்கலாம். அம்மா ஒன்றும் செய்யவில்லை. கீச்சு கண்ணாடியை ஸ்டூல்மேல் சுவரோடு சாய்த்து வைத்தாள்.

"அப்படி இல்ல." அம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். அப்பாவின் தலை அழுத்திய பள்ளத்தில் தன் தலையை வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் மேல தூக்கு. ம்ஹூம், ஒரேடியா இல்ல. இடது பக்கம். இன்னும். நிறுத்து. தெரியுது."

கீச்சு ஸ்டூலைப் பிடித்தபடி தரையில் மண்டியிட்டிருந்தாள். வெளியே ஏதோ வண்டி பின்னோக்கி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருக்களித்த கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். கட்டிலில் அம்மா படுத்திருப்பதைப் பார்த்து, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

அம்மா திரும்பவில்லை.

"வண்டி வந்துடுச்சாடா?" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடியே. "இரு, வரேன்."