சேமிக்காமல் விட்ட சுவர்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கூடத்தில் அவருக்குப் பெயரே கிடையாது. முதலாளிகள் இருவரின் ஒரே தங்கையைக் கட்டியவர் என்பதால், பசை காய்ச்சுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். தொழில், சின்னக் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபத்துநான்கு துளையுள்ள ஒரு மேனேஜ்டு ஸ்விட்சை மச்சான்கள் தலையில் கட்டியதும் அவர்தான்.

"சாதா ஸ்விட்சுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மச்சான்களில் பெரியவர் அன்றைக்கே கேட்டார்.

"சாதா ஸ்விட்ச் எல்லா கம்ப்யூட்டரையும் ஒண்ணா கோத்துவிடும், அவ்வளவுதான். இது சொன்ன பேச்சு கேக்கும் மச்சான். எது எதோட பேசலாம், எது பேசக்கூடாதுன்னு நாம முடிவு பண்ணலாம்."

"இங்க யாரு யாரோட பேசக்கூடாது?"

"பின்னால உதவும்" என்று மாப்பிள்ளை சமாளித்தார். பின்னால் உதவவும் செய்தது. தொழிலில் அவர் சொல்லிப் பலித்தது அந்த ஒன்றுதான்.

அளவு தப்பி வெட்டிய ஒரு லோடு பெட்டிக்காக, வேலையாட்கள் முன்னால் பெரியவர் தம்பியை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தம்பி நாலு வார்த்தை திருப்பினார். இரண்டே மாதத்தில் பாகப்பிரிவினை. கூடத்தின் நடுவே பிளைவுட் தடுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இயந்திரம், இந்தப் பக்கம் இரண்டு. ஸ்விட்சை மட்டும் ரம்பம் போட்டு அறுக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு ஆள் போனது.

"எங்கண்ணனுங்களைப் பிரிக்க நீங்களே போறீங்களா?" என்றாள் மனைவி.

"நான் போகலேன்னா வேற ஆள் போவான்."

"போகட்டுமே. அந்தப் பாவத்தை அவன் சுமக்கட்டும்."

சுமக்கும் கூலிக்கு அவர்தான் போனார். பசைப் பீப்பாய்களுக்கு மேலே, தூசி படிந்த பலகையில் இருந்தது அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. லேப்டாப்பைச் சொருகி, ஒன்று முதல் பன்னிரண்டு துளை வரை வி-லேன் என்னும் தனி வலை ஒன்று, பதின்மூன்றிலிருந்து இன்னொரு வி-லேன் என்று பிரித்தார். பெட்டி ஒன்றுதான். ஆனால் ஒரு வி-லேனில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மற்றது இருப்பதே தெரியாது. பெரிய பிரின்டர் அண்ணன் பக்கம் போனது. தம்பிக்குத் தனி இன்டர்நெட் கனெக்‌ஷன், தனி பிரின்டர்.

வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியில் 'சேவ்' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்டியின் நினைவில் தங்காது. ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாப்பிள்ளை சேவ் கொடுக்கவில்லை. நேருக்கு நேர் சமாதானம் பேசத் தைரியமில்லாத மனுஷனால் முடிந்தது அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது, கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவருடைய தொழிலை முழுக்கக் கேட்டாள்.

"அப்போ கரண்ட் போனா சேர்ந்துடுமா?"

"கம்ப்யூட்டர் சேரும்."

"அது போதுங்க, ஆரம்பத்துக்கு" என்றாள்.

கரண்ட் போகத்தான் செய்தது, வாரத்துக்கு இரண்டு தடவை. ஆனால் ஸ்விட்சுக்கு யுபிஎஸ் வைத்துக் கொடுத்ததும் மாப்பிள்ளைதான். அவர் விற்றதிலேயே உருப்படியாக உழைத்த சாமான் அது. மூன்று வாரம் பெட்டியைக் கண் மூட விடவில்லை.

நான்காவது வாரம் ஒரு முற்பகல், டிரான்ஸ்பார்மர் வெடித்து நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் பெரியவர் போன் செய்தார். "நெட் தாறுமாறா ஓடுது. அதுகூடப் பரவாயில்ல. நீங்க உடனே வாங்க."

போனபோது பெரியவர் பிரின்டர் பக்கத்தில் ஒரு தாளோடு நின்றிருந்தார்.

சின்னவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அண்ணனிடம் நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் டைப் அடித்து, அண்ணன் மேஜைக்குப் பக்கத்துப் பிரின்டருக்கு அனுப்பிவிடுவார். தன் மகள் யாரையோ விரும்புகிறாள் என்பதும் அப்படித்தான் வந்தது. பெரியவர் படித்துவிட்டு, கூடத்தின் மறுகோடியைப் பார்த்துத் தலையாட்டுவார். அதோடு விஷயம் முடிந்தது.

தாளில் இருந்தது மூன்றே வரி. 'அண்ணே, பிரிக்க வேண்டாம். அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீ தலையாட்டினா தடுப்பை நானே கழட்டிடுறேன்.' மேலே தேதி: மாப்பிள்ளை ஸ்விட்சைப் பிரித்த அதே நாள்.

மாப்பிள்ளைக்கு நடந்தது விளங்கியது. அன்று சின்னவர் பழைய பிரின்டருக்கே அனுப்பியிருக்கிறார். வி-லேன் பிரித்ததில் வழி அடைபட்டுவிட்டது. மூன்று வாரம் அவருடைய கம்ப்யூட்டரிலேயே வரிசையில் காத்துக் கிடந்து, வழி திறந்த நிமிஷம் வந்து விழுந்திருக்கிறது.

பெரியவர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை. மாப்பிள்ளை பின்னாலேயே போனார்.

"ஏன்டா, இது இப்பத்தான் வந்துச்சு."

சின்னவர் தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இப்பவா? ரெண்டு நாள் அந்தத் தடுப்போரம் நின்னு உன்னையே பார்த்தேன்ணே. நீ நிமிரவே இல்ல."

"எனக்கு எதுவும் வரலடா. ஒரு வார்த்தை சொல்லாமப் போறான்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

"தப்பு என்னோடது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. வி-லேன், சேவ் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். இருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"போன திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் சின்னவர். "வேற ஒருத்தரோட கூட்டு. மிஷின் ஏத்த வெள்ளிக்கிழமை லாரி வருது."

"வேணாம்னு சொல்ல முடியாதா?"

"என்னை நம்பி அவர் இருந்த வேலையை விட்டுட்டு வந்துட்டாருண்ணே."

பெரியவர் கொஞ்ச நேரம் தாளை மடித்தார், பிரித்தார். பிறகு தலையாட்டினார்.

தடுப்புக்கு மேலாகக் கணக்கரின் தலை எட்டிப் பார்த்தது. "சார், ரெண்டு நெட்டும் முட்டிக்குது. எந்தக் கம்ப்யூட்டரும் ஓடல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை நடக்கணும் மாப்பிள்ளை" என்றார் சின்னவர், முகத்தைப் பார்க்காமல். "திரும்பப் பிரிச்சிடுங்க. இந்தத் தடவை சேவ் பண்ணிடுங்க."

பசை வாசனைக்குள் நின்று பிரித்தார். சேவ் கொடுத்தார்; உறுதியா என்று திரை கேட்டது. அமுக்கினார். பச்சை விளக்குகள் எப்போதும் போலச் சிமிட்டின, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"அங்க கரண்ட் போச்சாமே?" குரலில், மூன்று வாரமாக இல்லாத ஒரு துள்ளல்.

"போச்சு" என்றார். லேப்டாப்பை மூடிக்கொண்டே, "வந்துடுச்சு" என்றார்.