ஓடிபி வரும் வரை உட்காருங்க

போனில் தனகோடியின் குரல் அவ்வளவு பதவிசாக இருந்தது. பூர்ணிமா டீச்சர் ஏமாந்தது அதில்தான்.

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்த அரசுப் பெண்கள் பள்ளியில் அந்த வாரம் பாடம் என்று ஒன்று நடக்கவே இல்லை. மாணவியின் சாதி, ரத்த வகை, உயரம், எடை, ஆதார், பேங்க் கணக்கு, அப்பா அம்மா என்ன வேலை, யார் போன் நம்பர் என்று கல்வித்துறையின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. விவரம் முடியாத பெயர் சிவப்பாக நிற்கும். சிவப்பு நிற்கும் பள்ளிகளின் பெயர் தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் வரும். அதைப் பார்த்துவிட்டால் ஹெட்மிஸ்ட்ரஸ் அன்வரி பேகம் அன்றைக்கு டீயைத் தொடமாட்டார்.

பூர்ணிமாவின் எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு சிவப்புதான் பாக்கி. தமிழினி.

காலாண்டு லீவு முடிந்து, டிசி இல்லாமல் வந்து சேர்ந்த பெண். குடியாத்தத்தில் படித்த பழைய விவரம் அப்படியே கம்ப்யூட்டர் வழியாக இங்கே வந்துவிட்டது. அம்மா எழிலரசி ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறாள். சேர்க்க வந்த அன்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டி, இனிமேல் இந்த நம்பர்தான் மிஸ் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தாள். ஏன் என்று பூர்ணிமா கேட்கவில்லை. வாசலில் இன்னும் எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள்.

நம்பரை மாற்ற வேண்டும் என்றால், பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். அதை வாங்கிப் போட்டால்தான் புது நம்பர் ஏறும். நேரம் முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். அதனால் பட்டனை அழுத்தின கையோடு அந்த நம்பருக்கே போன் போட்டு ஓடிபி சொல்லுங்க என்று கேட்பது எல்லா டீச்சருக்கும் பழக்கமாகிவிட்டது. யாருக்குப் பேசுகிறோம் என்பதெல்லாம் மனசில் நிற்பதில்லை.

அப்படித்தான் அன்று காலை போட்டாள். எதிர்முனையில் விசைத்தறி சத்தம். தமிழினி ஸ்கூல்ல இருந்து பேசறேன் சார், ஒரு நம்பர் வந்திருக்கும் என்றதும் தறிச் சத்தம் நின்றது. அந்த ஆள் ஒவ்வொரு எண்ணாக நிதானமாகப் படித்தான்.

"நேர்ல வந்து கையெழுத்து ஏதாச்சும் போடணும்னா எங்க வரணும் மேடம்?"

அதெல்லாம் வேண்டாம் சார், வேலை முடிந்தது என்றாள். என்றவள், கேட்ட மரியாதைக்காக, ஆம்பூர் பஜாருக்குப் பின்னால், தண்ணி டேங்க் பக்கத்தில் என்று வழியையும் சேர்த்துச் சொல்லிவைத்தாள்.

சிவப்பு பச்சையானது. பூர்ணிமா சந்தோஷமாக வகுப்புக்குப் போய் தமிழினியின் தோளைத் தட்டினாள். உங்கப்பா எவ்வளவு மரியாதையா பேசறாரு, கேட்ட உடனே ஓடிபி சொல்லிட்டாரே என்றாள்.

நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கையில் ஸ்கேல் அப்படியே நின்றது. அழவில்லை.

"மிஸ், எந்த ஸ்கூல்னு சொல்லிட்டீங்களா?"

பூர்ணிமா அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை மகன் ஹேமந்துக்கும் தமிழினிக்கும் கல்யாணம் என்று அப்பா தனகோடி பேசி முடித்து, பரிசம் போட நாளும் பார்த்துவிட்டான். ஹேமந்துக்குச் சொந்தக் கார், மீசை, முப்பதை நெருங்கும் வயசு. முடியாது என்ற எழிலரசியைத் தறிக்கட்டையால் அடித்ததில் அவள் இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. விடிவதற்கு முன்னால் ஒரு புத்தகப்பையோடு கிளம்பி வந்தவர்கள் இவர்கள்.

பூர்ணிமா எழிலரசிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்புறம்தான் உறைத்தது. ஷூ கம்பெனியில் காலையிலேயே கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். இனி சாயங்காலம்தான்.

அன்வரி பேகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பூர்ணிமாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். சத்துணவு சமைக்கும் ஜெயம்மாளை ஆட்டோவில் கம்பெனிக்கு அனுப்பினார். வெறுங்கையோட வரவேணாம், கேட்ல இருக்கற போனையும் வாங்கிட்டு வரச்சொல்லு என்றார். மகளிர் போலீசுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசினார். வண்டி வாணியம்பாடி பக்கம் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். தமிழினியை அரிசி மூட்டை அறையில் உட்காரவைத்து, நான் குரல் கொடுத்தால் மட்டும் திற என்று சொல்லி உள்தாழ்ப்பாள் போடச்சொன்னாள் பூர்ணிமா.

"புது நம்பர் ஏறிடுச்சா?" என்று அன்வரி பேகம் கேட்டார்.

"ஏறிடுச்சு மேடம். அவங்க அம்மா நம்பர்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

ஜெயம்மாள் போன ஆட்டோவின் புழுதி அடங்குவதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஒருவன் அதில் சாய்ந்து நின்றுகொண்டான். மற்றவன் வெளுத்த வேட்டியோடும் பிளாஸ்டிக் பையோடும் உள்ளே வந்து கும்பிட்டான். ஆதார், ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினான். போனில் கேட்ட அதே குரல்.

"எம் பொண்ணை இட்டுனு போவ வந்தேன் மேடம். அவங்க தாத்தாவுக்கு ஒடம்பு ஜாஸ்தி ஆயிடுச்சு."

அன்வரி பேகம் உட்காரச் சொன்னார். பெத்த அப்பா கூட்டிப்போனால் யார் தடுக்கப்போகிறார்கள் என்றார். ஆனால் ஸ்கூல் நேரத்தில் பிள்ளையை வெளியே அனுப்ப இப்போது புதுசாக ஒரு ரூல், பெற்றோர் நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அனுப்பிவிடலாம் என்றார்.

அப்படி ஒரு ரூல் கிடையாது. பூர்ணிமா ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தனகோடி சிரித்தான். காலையில்கூட ஒன்று சொன்னேனே என்று போனை எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்தான். அன்வரி பேகம் நம்பர் மாற்றுகிற பக்கத்தைத் திறந்து பட்டனை அழுத்தினார்.

வரவில்லை.

சர்வர் பிசி என்றார் அவர். தனகோடியும் தலையாட்டினான். பெண்டாட்டி கதவைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்தால் எட்டி உதைக்கிற ஆள், ஓடிபிக்குப் பணிவாகக் காத்திருந்தான். ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில், கேஸ் கம்பெனியில் எல்லாம் காத்துப் பழகின உடம்பு அது. மறுபடி அனுப்பினார்கள். போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் சிக்னல் பார்த்தான். ஜன்னலுக்கு நேர் எதிரே அரிசி அறை.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். தனகோடியின் கண் ஒவ்வொரு முகமாக ஓடியது. அதே நேரத்தில் காரில் சாய்ந்திருந்தவன் உள்ளே வந்தான்.

"இன்னா மாமா லேட்டு? எந்த க்ளாஸுன்னு சொல்லு, நான் போய் இட்டாரேன்."

"உக்காருங்க தம்பி. பொண்ணுங்க ஸ்கூலு இது," என்றார் அன்வரி பேகம். குரல் உயரவில்லை. ஹேமந்த் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. அன்வரி பேகம் மூன்றாவது தடவை பட்டனை அழுத்தினார்.

தனகோடி சட்டென்று கையை நீட்டி ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பினான். நம்பர் முழுசாகத் தெரியாது, கடைசி எண்கள் மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

"இது என் நம்பர் இல்லியே."

"காலைல நீங்கதான ஓடிபி சொல்லி மாத்திக் குடுத்தீங்க," என்றார் அவர்.

நாற்காலி பின்னால் போய் விழுந்தது. தனகோடி வராந்தாவுக்குப் பாய்ந்தான். கத்துவான் என்று பூர்ணிமா எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. போனில் பேசின அதே பதவிசில் கூப்பிட்டான்.

"தமிழினி. அப்பா வந்துகிறேன்மா. வெளிய வா கண்ணு."

மைதானத்தில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அரிசி அறைக் கதவு அசையவில்லை. ஆனால் ஒரு சின்னப் பெண், தெரியாத்தனமாக, அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்துவிட்டான். படி இறங்கினான். பூர்ணிமா எப்படி அவனுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது.

"நவுருங்க மேடம். இவ்ளோ நேரம் மரியாதையா பேசிட்டேன்."

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிய நேரத்தில்தான் கேட்டுக்குள் ஆட்டோ நுழைந்தது. ஜெயம்மாள் இறங்கினாள். அடுத்து, நீலக் கம்பெனி கோட்டில் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்க, எழிலரசி இறங்கினாள். ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஜீப்பின் ஹாரன். ஹேமந்த் அதற்குள் காரைப் பார்த்து நடையைக் கட்டியிருந்தான். தனகோடியின் கை பூர்ணிமாவின் தோளிலிருந்து தானாக நழுவியது.

எழிலரசி புருஷனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வராந்தாவுக்குப் போய் அன்வரி பேகத்தின் முன்னால் நின்றாள். கையில் போனைத் திறந்து வைத்திருந்தாள்.

"கேட்ல வாங்கும்போதே வந்துக்கினே இருந்திச்சு மேடம். நம்பர் சொல்லட்டுமா?"

"சொல்லும்மா," என்றார் அவர். பெண் போலீஸ் பக்கத்தில் நிற்க, தனகோடி காதில் விழும்படி எழிலரசி ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

பூர்ணிமா அரிசி அறைக் கதவைத் தட்டினாள். மிஸ்தான் வந்திருக்கேன், திற என்று சொன்னபடியே குரல் கொடுத்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

"மிஸ்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "எங்கம்மாவைப் பேசச் சொல்லுங்க."

பூர்ணிமா ஒதுங்கி நின்று எழிலரசிக்கு வழிவிட்டாள்.